உளவு இலாகாவின் வாயிலில்

என் அடுத்த அறை நண்பர் சென்ற ஆண்டு மத்திய அரசாங்கப் பதவியொன்றுக்குத் தேர்வு பெற்றார். ஆனால் நியமன ஆணை வரவில்லை. நன்னடத்தை விசாரணை ஓர் உளவு அமைப்பிடம் இருப்பதாகச் சொல்லி எட்டுத் திங்கள் கடத்தினார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்படி கேட்டுவிடுவோம் என்று இருவரும் முடிவு செய்தோம். சட்டம் பயில்பவன் என்பதால் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதியவனும் நானே, தவறியவனும் நானே. அதனால்தான் தோழர்களே, இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

மதிப்பாக இருக்கட்டுமென்று நம் மன்றத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி, செயலாளரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். மனு திரும்பி வந்தது. அதில் அவர்கள் மேல் பிழையில்லை. சட்டத்தின் 3-ஆம் பிரிவு இந்த உரிமையைக் குடிமக்களுக்கே தருகிறது. மன்றம் குடிமகன் ஆகுமா? செயலாளர் கேட்கலாம், ஆனால் குடிமகன் என்ற முறையில், தம் சொந்தப் பெயரில் கேட்கவேண்டும்.

அடுத்த மனுவை நண்பர் தம் பெயரில் அனுப்பினார். ஆதார் நகல் அனுப்புக என்று பதில் வந்தது. எனக்குச் சினம் வந்தது. தொடர்பு கொள்ளத் தேவையான விவரம் தவிர வேறு சொந்த விவரம் எதையும் கேட்கலாகாது, காரணமும் கேட்கலாகாது என்று 6(2)-ஆம் பிரிவு சொல்கிறதே! அன்றியும், ஆதார் குடியுரிமைக்குச் சான்றன்று என்று 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டமே கூறுகிறது. நம் மன்றத்தில் ஈழத்து அகதிக் குடும்பத்துத் தோழர் ஒருவர் இருக்கிறார். பிறந்தது இங்கே, முகாமில். ஆதார் அவரிடமும் உண்டு. ஆனால் 1987 ஜூலைக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்கவேண்டும் என்பதால் அவர் குடிமகன் அல்லர். ஒரு தகவலும் கேட்க உரிமையற்றவர். அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமோ எவரும் கேட்கலாம் என்கிறது. உளவு அமைப்புகள் அயல்நாட்டு அரசாங்கங்களுக்கும் அவற்றின் பிரதிநிதிகளுக்கும் தரலாகாது என்று 2002-இல் ஒரு தடை போட்டார்கள். தனி மனிதரான அயல்நாட்டாருக்கு அந்தத் தடை இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் தோழருக்கு இங்கே அவ்வளவும் இல்லை.

வழக்காடிக் காலம் கழிப்பதைவிட மேல் என்று வாக்காளர் அட்டையின் நகலை அனுப்பினோம். மனுவிலேயே “நான் இந்தியக் குடிமகன்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தத் தபால் செலவு மிஞ்சியிருக்கலாம்.

பின்பு வந்த பதில் இரண்டே வரி: 24-ஆம் பிரிவின்படி இச்சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. உண்மைதான். உளவுத் துறையும் ‘ரா’ அமைப்பும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தலைவரிசையில் நிற்கின்றன; சி.பி.ஐ.யும் 2011-இல் அதில் சேர்ந்தது. ஆயினும் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: ஊழல் குற்றச்சாட்டு, மனித உரிமை மீறல் பற்றிய தகவல்களை இந்த அமைப்புகளும் மறைக்க முடியாது. மனித உரிமை பற்றியதாயின் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கெடு 45 நாள். ஊழல் குற்றச்சாட்டு அந்த அமைப்பின் ஊழியர்மீதே இருக்கவேண்டியதில்லை என்று தில்லி உயர்நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

இங்கேதான் நான் இடறி விழுந்தேன். காரணம் சொல்லத் தேவையில்லை என்ற 6(2)-ஐ நம்பி, வெறுமனே “என் விசாரணை எந்நிலையில் உள்ளது?” என்று கேட்டேன். மற்ற அலுவலகங்களில் அது போதும். உளவு அமைப்பிடம் போதாது. குடிமகன் என்று காட்டினால் பாதித் தகுதிதான். கேட்கும் பொருள் அந்த விலக்குக்குள் வருகிறது என்பதையும், இன்ன நாளில் இன்னது நடந்தது என்று நாமே எழுதிக் காட்டவேண்டும். காலதாமதம் ஊழலாகுமா? மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. ஆனால் இல்லாத ஊழலைப் புனைந்து எழுத எனக்கு மனமில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. நண்பரைத் தேர்ந்தெடுத்த இலாகா அட்டவணையில் இல்லையே! பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் அங்கே ஒரே கேள்வி கேட்டோம்: விசாரணைக் கடிதம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. கடிதம் அனுப்பப்படவே இல்லையாம்.