பண்டிகைக் கெடுவும் கைவேலைக் கணக்கும்

பண்டிகைக்கு முந்திய வாரத்தில் கைவேலை செய்வோர் வீட்டில் விளக்கு அணைவதில்லை. தறி நெசவாயினும், நூற்பின்னலாயினும், பனையோலை முடைதலாயினும், வாக்களித்த பொருள்களுள் பாதி முடிந்திருக்கும், பாதி எஞ்சியிருக்கும். விடிந்தால் உப்பளத்திற்கோ வயலுக்கோ போயாக வேண்டும். இத்தொல்லைக்குச் சோம்பலே காரணம் எனச் சிலர் கூறுவர். ஆனால் விடியுமுன் எழுந்து உப்பு வாரிவிட்டு, மாலையில் ஊசியைக் கையிலெடுக்கும் பெண்ணைச் சோம்பேறி என்று எவரும் சொல்லத் துணியார். வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலேயே நாட்கணக்கு பிழைத்துவிடுகிறது. அக்கணக்கைச் சரியாகப் போடும் முறையை அங்கத்தினர்களாகிய நாம் இப்பாடத்தில் ஆராய்வோம்.

மூன்று நாட்காட்டிகள்

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட மரக்காணக் கரையில் வாழ்வோர் ஒரே ஆண்டில் மூன்று நாட்காட்டிகளைப் பின்பற்றி நடக்கிறார்கள்.

முதலாவது உப்பின் நாட்காட்டி. ஏறக்குறைய ஜனவரி மாதத்தில் பாத்திகளைச் செம்மை செய்யத் தொடங்கினால், செப்டம்பர் வரையில் வேலை நீளும். வடகிழக்குப் பருவமழை இயல்பாக அக்டோபர் 20 ஆம் நாளையொட்டித் தொடங்கும். அதன்பின் டிசம்பர் முடிய உப்பளத்தில் வருமானம் இல்லை. அம்மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் கொண்டுவந்தது.

இரண்டாவது நிலவின் நாட்காட்டி. தீபாவளி அதைப் பின்பற்றுவது. பன்னிரண்டு நிலவு மாதங்களுக்கு ஏறத்தாழ 354 நாட்களே ஆதலின், அப்பண்டிகை ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்ந்து வரும். ஏறக்குறைய மூன்றாண்டுக்கொரு முறை ஒரு மாதம் மிகுதியாகச் சேர்க்கப்படுவதால் மீண்டும் பின்னே செல்லும். 2023 இல் நவம்பர் 12, 2024 இல் அக்டோபர் 31, 2025 இல் அக்டோபர் 20, 2026 இல் நவம்பர் 8 என இந்நாள் மாறுவதைக் காண்க. “சென்ற ஆண்டு இதே வேளையில்தான் தொடங்கினோம்” என்ற நினைவை நம்பி வேலை தொடங்குவது ஏன் ஆபத்து என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது கதிரவனின் நாட்காட்டி. பொங்கல் ஜனவரி நடுவில் நிலையாக வரும். ஆங்கில நாட்காட்டியின்படி கிறிஸ்துமசும் டிசம்பர் 25 இலிருந்து அசையாது.

இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். தீபாவளிக்கான வேலை முழுவதும் உப்பளம் மும்முரமாக நடக்கும் மாதங்களிலேயே செய்து முடிக்கப்பட வேண்டும். கிறிஸ்துமசுக்கும் பொங்கலுக்குமான வேலைக்குக் கைகள் ஓய்வாக இருக்கும். ஆனால் அப்போது வெயில் இராது. சம்பா நடவு செய்யும் விவசாயக் குடும்பங்களுக்கும் தீபாவளிக்கு முந்திய வாரங்கள் நெருக்கடியானவையே.

வெயில் கேட்கும் வேலையும் கை கேட்கும் வேலையும்

ஆகவே கைவேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுதல் முதற்கடமை. சில வேலைகள் வெயிலைக் கேட்பவை. நூலுக்குச் சாயமேற்றி உலர்த்துதல், பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் நீட்டிக் காயவைத்தல், பனங்குருத்தோலையை உலர்த்துதல், முடிந்த பின்னலைத் துவைத்து வடிவம் கெடாமல் விரித்து உலர்த்துதல் ஆகியன இவ்வகை. வேறு சில வேலைகள் கையை மட்டும் கேட்பவை. தார் சுற்றுதல், பின்னுதல், முடைதல், ஓரம் தைத்தல், குஞ்சம் கட்டுதல் ஆகியவற்றை மழை பெய்யும்போதும் கூரையின் கீழ் அமர்ந்து செய்யலாம்.

பொங்கலுக்கு உரிய பொருளாயினும், அதற்கான வெயில் வேலையைச் செப்டம்பர் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். சாயமிட்டு உலர்ந்த நூலும் காய்ந்த ஓலையும் மழைக்கு முன்னரே பரணில் ஏறிவிட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கை ஓய்வாயிருக்கும் நாட்கள் வருமானம் தரும் நாட்களாகிவிடும். குழித்தறி வைத்திருப்போர் மட்டும் இதில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பெருமழையில் குழியில் நீர் ஏறினால் நெசவு நிற்கும்; ஆதலின் அவர்கள் மழை மாதங்களை முழு வேலை நாட்களாக எண்ணலாகாது.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது, உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பது நம் பழமொழி. அது விதியை நொந்து சொன்ன சொல்லாகத் தோன்றினும், காற்றும் மழையும் வரும் பருவத்தை முன்னரே அறிந்தவனுக்கு அதுவே பாடமாகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. அத்தகைய நாட்களில் முடிந்த சரக்கைத் தரையில் அடுக்கி வைத்திருப்பவரின் பல மாத உழைப்பு ஓரிரவில் போய்விடும். முடிந்த பொருளை வாரந்தோறும் சங்கத்தில் ஒப்படைத்துவிடுதல் இரட்டை நன்மை தரும்: பொருளும் காப்பாற்றப்படும், கூலியும் பகுதி பகுதியாகக் கைக்கு வரும்.

பின்னிருந்து எண்ணும் முறை

இனிக் கணக்கிற்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், குரோஷா ஊசியால் மேசை விரிப்புகள் பின்னித் தர ஜூலை முதல் நாளில் இசைகிறார். பண்டிகை நவம்பர் 8 என்க. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்று மனம் சொல்லும். ஆனால் விற்பனைக் கடைக்குச் சரக்கு மூன்று வாரம் முன்னதாகச் சென்றாக வேண்டும்; அது அக்டோபர் 18. துவைத்தல், தேய்த்தல், குறை பார்த்தல் ஆகியவற்றுக்குச் சங்கம் ஒரு வாரம் கேட்கும். எனவே உண்மையான கெடு அக்டோபர் 11.

ஜூலை 1 முதல் அக்டோபர் 11 முடிய 103 நாட்கள். நாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரம் பின்னலாம் எனக் கொண்டால் 309 மணி நேரம். ஒரு விரிப்புக்கு ஆறு மணி நேரமானால் 51 விரிப்புகள் முடியும். பெரும்பாலோர் போடும் கணக்கு இதுவே. இரவெல்லாம் விளக்கெரியச் செய்வதும் இக்கணக்கே.

இப்போது கழிக்க வேண்டியவற்றைக் கழிப்போம். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் செலவாகும். அவ்வகையில் 15 நாட்கள். ஆடித் திருவிழா, உறவினர் வீட்டுக் காரியம், பிள்ளையின் காய்ச்சல் ஆகியவற்றுக்கு 12 நாட்கள். எஞ்சுவன 76. உப்பளத்தில் காலை முழுவதும் குனிந்து நின்ற உடல், மாலையில் செவ்வையாகப் பின்னக்கூடியது இரண்டு மணி நேரமே எனக் கொண்டால் 152 மணி நேரம். ஆறால் வகுக்க 25 விரிப்புகள். அவிழ்த்துப் பின்ன வேண்டிய பிழைகளுக்காகவும் எதிர்பாரா இடையூறுகளுக்காகவும் ஐந்தை விலக்கினால், வாக்களிக்கத் தக்கது 20.

ஐம்பத்தொன்றுக்கும் இருபதுக்கும் உள்ள இடைவெளியே நம் வீடுகளில் தூக்கத்தையும், சண்டையையும், கடனையும் தீர்மானிக்கிறது. ஒவ்வொருவரின் எண்ணும் வேறுபடலாம். ஆயினும் பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணுதல், இழக்கும் நாட்களை முதலில் கழித்தல், ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்தல் என்னும் மூன்று படிகள் எவருக்கும் பொருந்தும். ஒரு பொருளுக்கு ஆகும் நேரத்தை மனத்தால் மதிப்பிடாது, முதல் பொருளைச் செய்யும்போதே கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உப்பளத்தார்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. கடல்நீர் போமே மானியில் மூன்று பாகையளவே காட்டும். தெப்பத்திலிருந்து பாத்திக்குப் பாத்தி மாறி, ஏறத்தாழ 25 பாகை அடைந்த பின்னரே உப்பு விளையும். இடைப்பட்ட நாட்களை எவரும் அவசரப்படுத்துவதில்லை. 30 பாகையைத் தாண்ட விட்டுக் கசப்பேறவும் விடுவதில்லை. அளந்து பார்த்து நடக்கும் அப்பழக்கத்தைக் கைவேலைக்கும் கொண்டுவருதலே நாம் வேண்டுவது.

கைக்கொள்ளத் தக்க சில முறைகள்

ஒரே வேளையில் பல பொருள்களைத் தொடங்கிப் பாதியில் விடுதல் கூடாது. வீட்டில் அமர்ந்து செய்யும் பெரிய வேலை ஒன்று, பையில் எடுத்துச் செல்லும் சிறிய வேலை ஒன்று என இரண்டோடு நிறுத்துக. பேருந்துக்கும் நியாயவிலைக் கடைக்கும் காத்திருக்கும் நேரம் சிறிய வேலைக்கு உரியது.

நிறுத்திய இடத்தை அடையாளம் செய்யாவிடின், மறுநாள் வரிசையை எண்ணுவதிலேயே கால் மணி நேரம் கழியும். பத்து வரிசைக்கொரு முறை வேறு நிற நூலால் முடிச்சிடுக.

ஒரு பொருளுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே சாயத்தொட்டியிலிருந்து ஒரே தடவையில் பெறுக. பின்னர் வாங்கும் நூல் நிறத்தில் சிறிதேனும் மாறும். அம்மாற்றம் விரித்த பின்னரே கண்ணில் படும்.

உப்புப் படிந்த கையால் நூலைத் தொடலாகாது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து நூலைப் பிசுபிசுப்பாக்கும். இரும்பு ஊசியைத் துருப்பிடிக்கச் செய்து துணியில் கறை ஏற்றும். நல்ல நீரில் கை கழுவி, வெடிப்புகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவி, நன்கு துடைத்த பின் அமர்க.

உப்பின் வெண்மையில் பகலெல்லாம் கூசிய கண்ணுக்கு இரவில் கறுப்பு, கருநீல நூல்கள் பகை. கருநிற வேலையைப் பகலுக்கும் வெண்ணிற வேலையை இரவுக்கும் ஒதுக்குக.

ஓய்வு நேரம் என்னும் பொய்

கைவேலைக்கு ஆகும் நேரத்தை ஏன் எண்ணாது விடுகிறோம்? அதை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று நாமே நம்பியிருப்பதால்தான். தமிழ்நாட்டின் தென்கோடியில் 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்பித்தார். அவர் மகளும் கால்டுவெல்லின் துணைவியாருமான எலைசா அதை இடையன்குடியில் வளர்த்தார். பெண்கள் கையில் சொந்தக் காசு புழங்க அத்தொழில் வழி செய்தது. ஆந்திரத்தின் நரசாபுரத்திலும் அதே நூற்றாண்டில் குரோஷாப் பின்னல் வேரூன்றி, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாயிற்று. 2024 இல் அது புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் அங்கு ஆராய்ந்த மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982 இல் வெளியிட்ட நூலில், நாள்தோறும் பல மணி நேரம் பின்னிய பெண்களை இல்லத்தரசிகள் என்றும், அவர்தம் உழைப்பை ஓய்வு நேர வேலை என்றும் கருதியதனாலேயே கூலி மிகத் தாழ்ந்திருந்ததை எடுத்துக்காட்டினார். எண்ணப்படாத மணி நேரத்திற்கு விலை கிடையாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

சங்கத்தின் கடமை

தனி ஒருவர் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. ஆர்டர் ஏற்குமுன் சங்கம் அங்கத்தினரின் பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது வழக்கம். பெயருக்கெதிரே அவரால் தரக்கூடிய மணி நேரமும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அம்மணி நேரங்களின் கூட்டுத்தொகைக்கு மேற்பட்ட ஆர்டரை மரியாதையுடன் மறுத்துவிட வேண்டும். மறுத்தால் வாடிக்கை போய்விடுமே என அஞ்சுவோர் உண்டு. பண்டிகைக்கு மறுநாள் வந்து சேரும் சரக்கினால் போகும் வாடிக்கை அதனினும் மிகுதி. நூலை ஜூன் மாதத்திலேயே வழங்குதலும் சங்கத்தின் பொறுப்பு. நூல் ஆகஸ்டில் வந்தால் அங்கத்தினர் போட்ட கணக்கெல்லாம் வீண்.

1844 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பொருள், குறையாத எடை என்பதே அவர்கள் ஈட்டிய நற்பெயர். எடையில் காட்டிய அந்நேர்மையை நாம் நாளிலும் காட்ட வேண்டும்.

இறுதியாக ஒன்று. இருபது விரிப்பு என்று கணக்கிட்டவர், அதிலிருந்து இன்னும் ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தில் தம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்கட்டும். ஊராருக்கெல்லாம் பண்டிகைத் துணி செய்து கொடுத்துவிட்டு, தம் பிள்ளைக்குக் கடைசி நாளில் கடன்பட்டுத் துணி வாங்கும் நிலை நம் அங்கத்தினர் எவருக்கும் வரலாகாது.

கலந்துரையாடலுக்கு உரிய வினாக்கள்

1. வரும் தீபாவளி எந்த நாள்? அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் உங்கள் உண்மையான கெடு எது?

2. உங்கள் கைவேலையில் வெயில் கேட்கும் பகுதிகள் யாவை? அவற்றை மழைக்கு முன் முடிக்க என்ன தடை உள்ளது?

3. ஒரு பொருளுக்கு ஆகும் மணி நேரத்தை அளந்து எழுதுக. இப்போது பெறும் கூலியை அதனால் வகுத்தால், மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது? அத்தொகையை உப்பளக் கூலியோடு ஒப்பிட்டு, அடுத்த பொதுக்கூட்டத்தில் அறிவிக்க.