கண் கொஞ்சம் பின்னால்தான் வரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. நேற்று போனில் நீ சொன்னது மனசைவிட்டு அகலவில்லை. சிரம்பான் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வரை நன்றாகத்தான் ஓட்டி வருகிறாய். சுங்கை பீசி பக்கம் ஸ்மார்ட் சுரங்கத்துக்குள் கார் இறங்கியதும் நெஞ்சு படபடக்கிறது, ஸ்டியரிங் பிடித்த கை வேர்க்கிறது என்றாய். "கார் ஓட்ட நான் லாயக்கே இல்லை போல மாமா" என்று வேறு சொன்னாய். இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து லோரி ஓட்டியவன் சொல்கிறேன், கேள். உன் தைரியத்தில் ஒரு குறையும் இல்லை. வண்டி போகிற வேகத்துக்குக் கண் வராது, கொஞ்சம் பின்னால்தான் வரும். அவ்வளவுதான் விஷயம்.

உன் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தை நீ பார்த்ததில்லை. விடியுமுன்னே பிரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குக் கிளம்புவார். லயத்து முனையில் ஒரு குண்டு பல்பு எரியும். அதைத் தாண்டியதும் நேரே மரங்களுக்குள் நுழைய மாட்டார். ஓரமாக நின்று மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நிதானமாகச் சுண்ணாம்பு தடவுவார். "ஏம்மா நிக்கிறே?" என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு இன்னும் லயத்துலயே இருக்குடா. அதுவும் வந்து சேரட்டும்" என்றார். வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் மரமும் பால் வடியும் மங்கும் ஒற்றையடிப் பாதையும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கண் மருத்துவர்கள் சொல்வதும் அதுதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்ததும் கண்மணி சட்டென்று விரிந்துவிடும். விழித்திரைக்கு அந்த வேகம் கிடையாது. வெளிச்சத்தில் வெளுத்துப்போன நிறமி அங்கே மறுபடி ஊற வேண்டும். முழு இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பாட்டிக்கு வெற்றிலை போட நேரமிருந்தது. உனக்கு ஏது நேரம்? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. கண் மூன்று விநாடி தடுமாறினால் 66 மீட்டர் தூரத்தைக் குருட்டாம்போக்கில் கடந்திருப்பாய்.

உச்சி வெயிலில் தூரத்திலிருந்து பார், சுரங்க வாய் கரும்பொந்தாகத் தெரியும். உள்ளே விளக்கு எரிந்தாலும் அப்படித்தான் தெரியும், ஏனென்றால் வெளியே வானம் அத்தனை பளீரென்று இருக்கிறது. அந்தப் பொந்துக்குள் நின்றுபோன கார் இருக்கிறதா, ஆள் இருக்கிறானா என்று கண்ணால் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் உடம்பு மணியடிக்கிறது. உன் நெஞ்சு படபடப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுரங்கம் கட்டுகிறவர்களுக்கும் இது தெரியும். வியன்னாவில் இருக்கும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. 88ஆம் எண் அறிக்கை, 2004இல் திருத்தி வெளியிட்டார்கள். வாயிலிலிருந்து, ஒரு வண்டி பிரேக் போட்டு நிற்கத் தேவைப்படும் தூரம் வரைக்கும் பலமான வெளிச்சம் வேண்டும். அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். கண் பழகிய பின் நடுப்பகுதிக்குக் கொஞ்ச வெளிச்சம் போதும். பாட்டி வெற்றிலை மடித்த அந்த நேரத்தை இவர்கள் விளக்காக மாற்றிக் கூரையில் மாட்டியிருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுரங்க வாயிலில் விளக்குகள் பகலில்தான் அதிகமாக எரியும், இரவில் குறைத்துவிடுவார்கள். இரவில் வெளியும் இருட்டு, கண் முன்னமே பழகித்தான் வருகிறது. அடுத்த முறை இரண்டு வேளையும் கவனித்துப் பார்.

நீ சொன்ன இன்னொன்று, உள்ளே போகப்போக வரும் தலைவலி. நம் தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பால்மர நிரை ஓரமாகக் காலையில் மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறாயே, ஞாபகம் இருக்கிறதா? பக்கவாட்டு வெயில் மரத்துக்கு மரம் வெட்டி வெட்டிக் கண்ணில் அடிக்கும். கொஞ்ச தூரத்தில் தலை கிறுகிறுக்கும். சுரங்க விளக்குகளும் அதைச் செய்யக்கூடும். நாலு மீட்டருக்கு ஒரு விளக்கு என்று வைத்துக்கொள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்தாறு முறை வெளிச்சம் கண்ணைத் தட்டும். விநாடிக்கு 4 முதல் 11 தட்டு வரை, அதுவும் 20 விநாடிக்கு மேல் நீடித்தால், ஓட்டுநருக்குத் தொந்தரவு என்று அதே வழிகாட்டி எச்சரிக்கிறது. விளக்குகளை விட்டம் போல இடைவெளியில்லாமல் வரிசையாகப் பொருத்தினாலோ, நன்றாகத் தள்ளித் தள்ளி வைத்தாலோ இந்தத் தொல்லை இல்லை. உன் கையில் இருப்பது பார்வைதான். விளக்கையும் சுவரையும் பார்க்காதே. முன்னால் போகும் காரையும் தாண்டித் தூரத்துச் சாலையைப் பார்.

நீளமான சுரங்கத்தில் பயத்தைவிட அலுப்புதான் பெரிய ஆபத்து. நார்வேயில் லார்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர் நீளம். 2000ஆம் ஆண்டில் திறந்தார்கள். கடக்க 20 நிமிடம் பிடிக்கும். ஒரே சுவர், ஒரே வெளிச்சம் என்றால் மனிதர் தூங்கிவிடுவார் அல்லது மூச்சுமுட்டித் தவிப்பார். அதனால் வழியில் மூன்று இடங்களில் பாறையை அகலமாகக் குடைந்து, நீல வெளிச்சமும் அடியில் விடியலைப் போல மஞ்சள் வெளிச்சமும் கொடுத்தார்கள். மலைக்குள்ளே போகிறவன் மூன்று தடவை வெளியே வந்ததுபோல மூச்சு விட்டுக்கொள்கிறான். நம் ஸ்மார்ட் அவ்வளவு நீளம் இல்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் வெள்ளச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் இரண்டு அடுக்காகச் சாலை போட்டு 2007 மே மாதம் திறந்துவிட்டார்கள். அடுக்கு என்பதால் கூரை தாழ்வு, லோரி போக முடியாது. மோட்டார் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. தாழ்ந்த கூரையின் கீழே நெஞ்சு இறுகுகிறது என்றால் அதுவும் உனக்கு மட்டும் நடப்பதில்லை.

நான் ஓட்டியது வேறு வழி. கோலப்பிலாவிலிருந்து காராக் ஏறி, கெந்திங் செம்பா சுரங்கம் வழியாகக் கோலாலம்பூர். ஒரு கிலோமீட்டர்கூட வராத சுரங்கம். இந்தப் பக்கம் வெயிலாக இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். வெளியேறும்போது எதிரே வெள்ளை வெளேரென்று இருக்கும். முன்னால் போகும் லோரி வெறும் நிழலாகத் தெரியும், அதற்கு முன்னால் இருப்பது தெரியவே தெரியாது. ஆகவே நுழையும்போது விடுகிற இடைவெளியை வெளியேறும்போதும் விடு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்தச் சுரங்கம் என்பது வேண்டாம். மழைக்குப் பயந்து ஒரு பையன் சுரங்க வாயிலுக்குச் சற்று உள்ளே மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி நின்றிருந்தான். கறுப்பு ஜாக்கெட், முன்பின்னாக மாட்டியிருந்தான். பின்விளக்கு அணைந்திருந்தது. நான் அவனைப் பார்த்தபோது அவன் என் பம்பருக்குப் பத்தடியில் இருந்தான். மழைக்காக முன்பே வேகத்தைக் குறைத்திருந்ததால் அவனும் தப்பினான், நானும் தப்பினேன். அன்றிலிருந்து வேகத்தைச் சுரங்கத்துக்கு வெளியிலேயே குறைத்துவிடுவேன். உள்ளே போனபின் குறைத்தால் பின்னால் வருகிறவனின் கண்ணும் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

நீயும் அப்படியே செய். கறுப்புக் கண்ணாடியை முன்பே கழற்று. முன்விளக்கை நீயே போடு, தானாக எரியும் என்று காத்திருக்காதே. நெஞ்சு இறுகினால் மூச்சை மெதுவாக விடு, பாதையை மாற்றாதே. முன்னால் என் வயதுக்காரர் தயங்கித் தயங்கிப் போனால் ஹார்ன் அடிக்காதே. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் கிடைத்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருமாம். நீ பார்க்கிற சுரங்கம் வேறு, அவர் பார்க்கிற சுரங்கம் வேறு.

சனிக்கிழமை வரும்போது ஐந்தரை மணிக்கு எழுப்புகிறேன். செம்பனை மட்டைகள் மேலே கோத்துக்கொண்டு நிற்கிற அந்தப் பழைய பாதையின் முனையில் இரண்டு பேரும் நிற்போம். உன் கண் வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது என்று நீயே எண்ணிப் பார்.

அப்புறம், காரின் முன்கண்ணாடியை உள்பக்கமும் துடைத்துவிட்டு வா. போன தடவை பார்த்தேன், புது ஓட்டுநர் என்று ஒட்டியிருக்கும் பி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் விரல் வைத்தால் தடம் விழுகிறது. எதிரே வரும் வெளிச்சமெல்லாம் அந்தப் படலத்தில்தான் சிதறி உன் கண்ணில் விழுகிறது.

அன்புடன்,
மாமா