பொழுதும் மணியும்

நுழையும்முன்

கடிகாரம் காட்டும் நேரம் ஒன்றுதான். அதைச் சொல்லும் முறைகளோ பல. ‘ஐந்தே முக்கால்’ என்பார் ஒருவர். ‘ஆறாகக் கால் மணி இருக்கிறது’ என்பார் மற்றொருவர். ‘விளக்கு வைக்கப் போகும் நேரம்’ என்பார் வீட்டில் மூத்தவர். மூவரும் சொல்வது ஒரே மாலைப்பொழுதைத்தான். தமிழர் நேரம் சொல்லும் வழிகளையும், எதனை எங்கே சொன்னால் பிழை நேராது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

பொழுது பார்த்தல்

காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். ஒவ்வொரு சிறுபொழுதும் 10 நாழிகை கொண்டது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். பாசறையில் இருக்கும் அரசனுக்கு நேரத்தை அளந்து அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது.

நாழிகைக் கணக்கர் இல்லாத ஊர்களில் வானமும் சுற்றுப்புறமுமே கடிகாரம். விடிவெள்ளி முளைத்த நேரம், கோழி கூவும் நேரம், உச்சிப்பொழுது, பொழுது சாயும் நேரம், விளக்கு வைக்கும் நேரம், ஊர் அடங்கிய நேரம் என்பன இன்றும் பேச்சில் வழங்குகின்றன. மாலையில் மலர்வதால் ‘அந்திமந்தாரை’ தன் பெயரிலேயே பொழுதைத் தாங்கி நிற்கிறது. விரலை நொடிக்கும் கால அளவாகிய ‘நொடி’ இன்று கடிகாரத்தின் விநாடி முள்ளுக்கு உரிய சொல்லாகிவிட்டது.

மணியும் பின்னமும்

ஓசை எழுப்பும் மணி நேரத்திற்கும் பெயரானது. ‘மணி பத்து அடித்தது’, ‘டாண் என்று பத்து மணிக்கு வந்தான்’ என்னும் தொடர்களில் அவ்வோசை இன்றும் கேட்கிறது.

மணியின் பகுதிகளைக் கால், அரை, முக்கால் என்னும் பின்னங்களால் சொல்கிறோம். ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தே முக்கால் ஆகிய மூன்றும் கடந்துபோன ஐந்தையே அடிப்படையாகக் கொள்கின்றன. காத்திருப்பவரோ வரப்போகும் மணியை நோக்கி, ‘ஆறாக இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது’ என்கிறார். முன்னது நடந்ததைக் கணக்கிடுகிறது; பின்னது எதிர்பார்ப்பைச் சொல்கிறது.

‘ஐந்தேகால்’ என்பதில் ‘ஏ’ வருகிறது. ‘ஐந்தரை’ என்பதில் வருவதில்லை. பேரளவைச் சொல்லின்முன் அதனினும் குறைந்த அளவைச் சொல் வந்து சேரும்போது ‘ஏ’ சாரியை தோன்றும் என்றும், ‘அரை’ என்னும் சொல் வரும்போது அச்சாரியை தோன்றாது என்றும் தொல்காப்பியம் கூறுகிறது. பேருந்து நிலையத்தில் நேரம் கேட்பவருக்கு நாம் சொல்லும் விடையில் அவ்விதி இன்றும் உயிரோடு இருக்கிறது.

துல்லியம் தேவைப்படாத இடங்களில் ‘பத்து மணிவாக்கில்’, ‘பத்து மணியளவில்’, ‘நாலு நாலரைக்கு’ என்று சொல்கிறோம். உறவினர் வீட்டுக்குச் செல்ல அது போதும். தேர்வுக்கூடத்திற்குச் செல்லப் போதாது.

ஒரு சொல் தவறினால்

‘எட்டு மணிக்கு’ என்பது ஒரு நேரப் புள்ளி. ‘எட்டு மணி நேரத்திற்கு ஒருமுறை’ என்பது இடைவெளி. மருத்துவர் சொன்ன இரண்டாம் தொடரிலிருந்து ‘நேரம்’ என்னும் ஒரு சொல் தவறிவிட்டால், ஒரு நாளில் மூன்று வேளை உண்ண வேண்டிய மருந்து ஒரு வேளையாகவோ இரண்டு வேளையாகவோ குறைந்துவிடும். மருந்துச் சீட்டைப் பெரியவர்களுக்குப் படித்துக்காட்டும் மாணவர் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

நள்ளிரவைக் குறிப்பதில் இன்னும் கவனம் தேவை. பஞ்சாங்கக் கணக்கில் கிழமை சூரிய உதயத்தில் தொடங்குகிறது. பேச்சு வழக்கிலும் விடியும்வரை முந்தைய நாளின் இரவுதான். கடிகாரக் கணக்கிலோ நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும். ஒரு தொடர்வண்டி 15ஆம் தேதி 00.20 மணிக்குப் புறப்படும் எனப் பயணச்சீட்டில் அச்சாகியிருந்தால், பயணி 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புபவர், வண்டி ஏறத்தாழ ஒரு நாள் முன்பே சென்றுவிட்டதை அங்கே போய்த்தான் அறிவார்.

இக்குழப்பத்திற்குரிய தீர்வும் பேச்சு வழக்கிலேயே உள்ளது. ‘சனிக்கிழமை இரவு, விடிந்தால் ஞாயிறு’ என்பர் ஊர்ப்புறத்தார். எந்த இரவு என்பதில் இத்தொடர் ஐயம் வைப்பதில்லை. நேரத்தைச் சொல்பவரின் கணக்கும் கேட்பவரின் கணக்கும் ஒன்றாக இருந்தால்தான் சொன்ன நேரம் பயன்படும். அச்சிட்ட எண்ணைப் பேச்சுத் தொடராக மாற்றிச் சொல்லிப் பார்ப்பது அதற்கு எளிய வழி.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் பொழுதைக் குறிக்க வழங்கும் சொற்களை மூத்தோரிடம் கேட்டுத் தொகுத்து, அவை சுட்டும் மணியை எதிரே எழுதுக.

2. ‘இரண்டு மணிக்கு, இரண்டு மணிக்குள், இரண்டு மணி நேரத்தில்’ ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டைத் தொடர்களில் அமைத்துக் காட்டுக.

3. வெள்ளிக்கிழமை 00.45 மணிக்குப் புறப்படும் பேருந்தைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவருக்கு எவ்வாறு தெரிவிப்பீர்கள்?