எழுத்துருவைப் போட்டாச்சு, காணோமே?

லினக்ஸில் புதிய தமிழ் எழுத்துருவை இறக்கியவர்கள் முதலில் தடுமாறுவது, அதை எங்கே வைப்பது என்பதில்தான். தனக்கு மட்டும் போதுமென்றால் வீட்டு அடைவுக்குள் மறைந்திருக்கும் 'லோக்கல்' அடைவில் 'ஷேர்', அதனுள் 'ஃபாண்ட்ஸ்'. அப்படி ஓர் அடைவு இல்லாவிட்டால் 'எம்கேடிர்' கட்டளையால் உருவாக்கிக்கொள்ளலாம். பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'டாட் ஃபாண்ட்ஸ்' அடைவு கைவிடப்பட்ட வழி. அதைத் தொட வேண்டாம்.

கணினியைப் பலர் பயன்படுத்தினால் 'யுஎஸ்ஆர்–லோக்கல்–ஷேர்–ஃபாண்ட்ஸ்' அடைவே சரி. நகலெடுக்க 'சூடோ' தேவைப்படும். இங்கே அனுமதி எண்களையும் கவனிக்க வேண்டும்: அடைவுக்கு 755, கோப்புக்கு 644. இல்லாவிட்டால் நிர்வாகிக்குத் தெரியும் எழுத்துரு மற்றவர் கண்ணில் படாது.

பிறகு 'எஃப்சி-கேஷ்' கட்டளையை 'எஃப்', 'வி' தெரிவுகளோடு ஓட்டினால் பட்டியல் புதுப்பிக்கப்படும், எந்தெந்த அடைவு அலசப்பட்டது என்பதும் திரையில் வரும். திறந்திருக்கும் லிப்ரே ஆஃபீஸை மூடித் திறப்பது நல்லது.

'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையில் மொழி 'டிஏ' என்று குறிப்பிட்டால் தமிழ் எழுத்துருக்கள் மட்டும் வரிசையாக நிற்கும். லோஹித், நோட்டோ எல்லாம் நிறுவியிருந்தால் அதில் இருக்கும், பாமினி இருக்காது! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. யூனிகோடு அல்லாததால் கணினி அதைத் தமிழாகக் கணக்கில் எடுப்பதில்லை.

வேண்டாத எழுத்துருவை நீக்க, கோப்பை அழித்துவிட்டு 'எஃப்சி-கேஷ்' கட்டளையை மறுபடி ஓட்டினால் போதும்.