கானில் அல்ல, பீலியில்

இரத்மலானையில் ஓர் ஒழுங்கைக்குள் டெங்கு வந்துவிட்டால் முதலில் திட்டு வாங்குவது கான்தான். கறுத்த தண்ணீர், நாற்றம், மிதக்கிற பொலித்தீன் பை. "இந்தக் கானை ஒழுங்காத் துப்புரவாக்கினா ஏன் வருத்தம் வருது?" என்று மதிலுக்கு மேலாக ஒரு குரல் கேட்கும். நாற்றம் இருக்கிற இடத்தில்தான் நோயும் இருக்கும் என்று நம்புவது சுகம். கான் பொதுச்சொத்து, பழியும் பொதுவாகப் போய்விடும்.

ஆனால் கானில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் நுளம்பு. இரவில் காதருகே பாடுவது அதுதான். அதற்கும் இந்தக் கரையோரத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: மேல், தென் மாகாணக் கரையோரங்களில் யானைக்கால் நோயைப் பரப்பியது அதுவே. 1947இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு இயக்கம் இரவில் வீடு வீடாகப் போய் இரத்தம் எடுத்துச் சோதித்தது. யானைக்கால் இனி இலங்கையில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொள்ள 2016 ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. 1934-35இல் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரைக் கொன்ற மலேரியா அது.

இரண்டையும் விரட்டிய இதே நாட்டில், அடுத்த ஆண்டே, 2017இல், 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்துடன் பதிவானார்கள். நானூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து, கொழும்பில் குப்பை அள்ளுவதே தடுமாறியிருந்தது. குப்பையில் டெங்குக்கு உதவியது அழுகல் அல்ல, யோகட் கப்பிலும் சிரட்டையிலும் தேங்கிய மழைத்தண்ணீர். ஏடிஸ் நுளம்பு நாடுவது தெளிந்த தண்ணீரை. அது கடிப்பது பகலில், அதுவும் காலையிலும் மாலை மங்கும் முன்பும். அது வாழ்வது நம் வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும்.

இதை எழுதுபவரின் வீட்டில் அது கூரைப் பீலிக்குள் இருந்தது. பக்கத்து மாமரத்துச் சருகு விழுந்து அடைத்து, வெளியே தெரியாத ஒரு சிறு குளம். ஏணி வைத்து ஏற எல்லோராலும் முடியாது. நீளத்தடியில் கைத்தொலைபேசியைக் கட்டி வீடியோ எடுத்தால் போதும், நெளிகிற குடம்பி தெளிவாகத் தெரியும். மழைக்கு முன்பும் இடையிலும் சருகை அள்ளிப் பார்த்தார்கள். சில மாதம் பொறுத்து, பீலியையே கழற்றிவிட்டு, இறவாரத் தண்ணீர் விழும் இடத்தில் சல்லிக்கல் பரப்பினார்கள். சுவர் கொஞ்சம் நனைகிறது. நனையட்டும். தேவையில்லாத பீலியைக் கழற்றுவதே மலிவான வைத்தியம் என்பது இவரது எண்ணம்.

அடுத்த பாடம் தேய்ப்பு. பூச்சாடித் தட்டிலும் வாளியிலும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தும்பு பிரஷால் உட்சுவரை உரசிக் கழுவ வேண்டும், வாரத்துக்கு ஒரு தடவையேனும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, மணிப் பிளான்ட் போத்தல், மோட்டார் சைக்கிளை மூடிய படங்கின் மடிப்பு, கராஜ்களின் பின்புறம் அடுக்கிய பழைய டயர் எல்லாம் இந்தச் சுற்றில் அடங்கும். காய்ச்சல்காரருக்கு வாங்கிய செவ்விளநீரின் கோம்பையை வளவு மூலையில் எறிந்துவிட்டு வருகிற வீடுகளையும் பார்த்தாயிற்று.

புகை அடித்தால் எல்லோருக்கும் ஓர் ஆறுதல். அது பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தட்டில் கிடக்கிற குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. நோயாளி இருக்கிற வீட்டைச் சுற்றி அடிப்பதற்குப் பயன் உண்டு; அப்போது கதவு யன்னலை இறுக மூடிக்கொண்டால் அதுவும் வீண்.

காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், அதுவும் அளவோடு. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனாக் வேண்டாம். இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் துடிப்பது இங்கு வழக்கம். டெங்கில் ஆபத்தான ஒன்றிரண்டு நாள் அநேகமாக அப்போதுதான் தொடங்கும். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தக் கசிவு, இவற்றில் ஒன்று கண்டாலும் களுபோவில ஆஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள வேறொன்றுக்கோ உடனே போக வேண்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பிக் காத்திருக்கும் நேரம் அல்ல அது.

ஒழுங்கையில் உண்மையில் கடினமானது பூட்டிக் கிடக்கும் வீடு. உரிமையாளர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். கூரைத் தாங்கி மூடியில்லாமல், கொமட்டில் தண்ணீர் தேங்கி, முற்றத்தில் சருகு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பொறுப்பை உரிமையாளர் மீதும் குடியிருப்பவர் மீதும் சுமத்துகிறது. பூட்டுக்கு முன்னால் சட்டம் மெதுவாகத்தான் நடக்கும். முறைப்பாட்டைவிட விரைவாகப் பலித்தது ஒரு தொலைபேசி அழைப்பு. "அண்ணை, உங்கட வீட்டுத் திறப்பை ஆரிட்டயாவது குடுத்து வையுங்கோ" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஒரு கிழமைக்குள் திறப்பு வந்தது. இப்போது ஞாயிறு காலைகளில் யாராவது உள்ளே போய்க் கொமட்டை அலசி, மூடியைப் போட்டு, தாங்கிக்கு வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்து, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளிலும் அந்தத் திறப்பு பயன்படுகிறது. முன்பெல்லாம் அவர் கேற்றோடு திரும்பிப் போவார்.