தொப்பி எங்கே போனது?

கேள்வி: வீட்டில் ஒரே மைக்கில் மிருதங்கம் பதிவு செய்கிறேன். வலந்தலை கணீரென்று விழுகிறது. தொப்பி கேட்கவே இல்லை. ஏன்?

பதில்: மைக்கை வலந்தலைக்கு நேராக வைத்திருப்பீர்கள். பலரும் செய்வதுதான். மிருதங்கத்துக்கு இரண்டு வாய். ஒன்றின் எதிரே மைக்கை வைத்தால் மற்றது கட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். வாசிப்பவருக்கு முன்னால் மூன்றடி தள்ளி, கட்டையின் நடுவுக்கு நேரே வையுங்கள். பிறகு தொப்பிப் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். வேறொருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் ஹெட்போனில் கேட்டபடி நகர்த்தினால் சரியான இடம் தானே பிடிபடும். தொப்பியில் ரவை காய்ந்திருந்தால் எந்த மைக்காலும் கும்கியைக் கொண்டுவர முடியாது. முதலில் அதைப் பாருங்கள்!

இரண்டு மைக் இருந்தால் பக்கத்துக்கு ஒன்று. கார்டியாய்டு மைக் நெருங்க நெருங்க அடிநாதத்தைக் கூட்டிக் காட்டும். தொப்பிக்கு அது வரம், அரையடி போதும். வலந்தலைக்கு ஓரடியாவது விடுங்கள், ஒட்டி வைத்தால் விரல் படும் சத்தம்தான் மிஞ்சும். இரண்டையும் சேர்த்ததும் ஒலி மெலிந்தால், ஒரு மைக்கின் ஃபேஸை மாற்றிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், வீட்டுப் பதிவுக்கு ஒரு மைக்கே போதும்.

மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள்.