நியூயார்க்கிலிருந்து சென்னைக்கு எத்தனை மணி நேரம்?



சென்ற ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை இரவு நம் மஹல்லாவில் ஒரு பெரியவர் வஃபாத்தானார். மகன் நியூயார்க்கில். "பையன் இன்னைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு ஏறுறான் பாய். இருபது மணி நேரம். நாளைக்கு இஷாவுக்குள்ள சென்னையில இறங்கிடுவான். அதுவரைக்கும் வைக்கலாமா?" என்று மைத்துனர் என்னிடம் கேட்டார். கணக்கு சரிபோலத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பதினொரு மணி நியூயார்க்கின் பதினொரு மணி.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். கோடையில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை பத்தரை மணி நேரம். ஆகவே அங்கே திங்கள் இரவு 11 என்றால் இங்கே செவ்வாய் காலை 8.30. அங்கிருந்துதான் எண்ணத் தொடங்க வேண்டும்.

நேர்வழியில் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர். ஆனால் சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாக வந்தால் 11,000-மும் 2,900-மும். சுற்று என்று பார்த்தால் 400 கிலோமீட்டர் சொச்சம், அரை மணி நேரப் பறப்பு. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தால் இதை நம்ப முடியாது. பிள்ளைகளின் பூமி உருண்டையில் நியூயார்க்குக்கும் துபாய்க்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: அது அட்லாண்டிக்கின் வடக்கே ஏறி, ஐரோப்பா வழியாக இறங்கும். நேரத்தைத் தின்பது சுற்றுவழி அல்ல, இடையில் காத்திருப்பதுதான்.

நியூயார்க்–துபாய் பன்னிரண்டரை மணி நேரம், துபாயில் மூன்று, அங்கிருந்து சென்னைக்கு நான்கு. மொத்தம் பத்தொன்பதரை. செவ்வாய் காலை 8.30-உடன் கூட்டினால் புதன் அதிகாலை 4 மணி. டிக்கெட்டில் இறங்கும் நேரத்தின் பக்கத்தில் சிறியதாக '+2' என்று போட்டிருந்தது இதைத்தான், யாரும் கவனிக்கவில்லை. இமிக்ரேஷன், பிறகு நம் ஊருக்கு நாலு மணி நேரக் கார் பயணம். வீடு வந்து சேர காலை ஒன்பது, பத்து ஆகிவிடும்.

போகும்போது இது தலைகீழ். சென்னையில் செவ்வாய் அதிகாலை 4 மணிக்கு ஏறியவர், அதே செவ்வாய் மாலை 3.30-க்கு நியூயார்க்கில் இறங்குவார். "பதினோரு மணி நேரத்துல போயிட்டான்" என்று தாய்மார்கள் சந்தோஷப்படுவார்கள். உண்மையில் 21 மணி நேரம். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்று எதிர்ப்பதால் துபாய்–நியூயார்க் மட்டும் பதினான்கு மணி நேரம் பிடிக்கும்.

கணக்கைத் தாளில் எழுதி மைத்துனரிடம் கொடுத்தேன். அவர் மகனுக்குப் போன் போட்டு, மறைக்காமல் படித்துக் காட்டினார். "எனக்காக அத்தாவ வைக்க வேணாம் மாமா. நான் வந்து கப்ர்ல துஆ செஞ்சுக்கறேன்" என்றார் அந்தப் பிள்ளை. செவ்வாய் லுஹருக்குப் பின் ஒன்றரை மணிக்கு ஜனாஸா தொழுகை நடந்தது. அவருடைய விமானம் கிளம்பி அப்போது ஐந்து மணி நேரம்.